டெல்லியில் பிறந்த மூன்று மாதக் குழந்தை ஏன் அமெரிக்க அதிபராக முடியாது?

நியூயார்க் மேயர் தேர்தலில் 2025 நவம்பரில் ஜோஹ்ரான் மம்தானி ஜெயித்தபோது, ‘அடுத்து அதிபர் தேர்தலா?’ என்று கேட்டவர்கள் நிறையப் பேர். நிற்க முடியாது. அவர் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். 2018இல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதற்கு ஓராண்டுக்கு முன் இதே கேள்வி எலான் மஸ்க்கைச் சுற்றி வந்தது. ‘மஸ்க் அதிபராக முடியாது, அவர் இந்த நாட்டில் பிறக்கவில்லை’ என்று 2024 டிசம்பரில் டொனால்ட் டிரம்ப்பே மேடையில் பதில் சொன்னார்.

இதுவரை சரி. ஆனால் கமலா ஹாரிஸின் அம்மா சென்னைக்காரர், அப்பா ஜமைக்காக்காரர். அவர் துணை அதிபராகவே இருந்துவிட்டு அதிபர் தேர்தலிலும் நின்றார். டெட் குரூஸ் பிறந்தது கனடாவின் கால்கரி நகரில். 2016இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் டிரம்ப்புக்கு அடுத்த இடம் வரை வந்தார். கனடாவில் பிறந்தவர் நிற்கலாம், தென்னாப்பிரிக்காவில் பிறந்த மஸ்க் நிற்கக்கூடாது என்றால் விதி என்னதான் சொல்கிறது?

விதியில் இருப்பதும் இல்லாததும்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, அதிபராக வேண்டியவருக்கு மூன்று தகுதிகளை வைக்கிறது.

1. வயது 35 நிறைந்திருக்க வேண்டும்.
2. அமெரிக்காவில் 14 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும்.
3. ‘பிறப்பால் குடிமகன்’ ஆக இருக்க வேண்டும்.

முதல் இரண்டில் வம்பு இல்லை. சண்டையெல்லாம் மூன்றாவதில்தான். பிறப்பால் குடிமகன் என்றால் யார் என்று அந்தச் சட்டம் எங்கேயும் வரையறுக்கவில்லை. ‘அமெரிக்க மண்ணில் பிறந்தவர்’ என்று எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. இன்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் ஏற்கும் பொருள் இதுதான்: பிறந்த அந்த நொடியிலேயே, விண்ணப்பமோ உறுதிமொழியோ தேவைப்படாமல், குடிமகனாக இருந்தவர்.

ஆக, ‘எந்த ஊரில் பிறந்தார்’ என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். ‘பிறக்கும்போது எந்த நாட்டுக் குடிமகன்’ என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும் வழிகளைப் பிரித்துப் பார்த்தால் இது தெளியும்.

1. மண் வழி. 1868இல் வந்த 14வது திருத்தப்படி, அமெரிக்காவில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். வெளிநாட்டுத் தூதர்களின் குழந்தைகள் போன்ற மிகச் சில விலக்குகள் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் தொடுத்த வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 1964இல் ஓக்லண்டில் பிறந்த கமலா ஹாரிஸ் இந்த வழியில் வருகிறார். சின்சினாட்டியில் பிறந்து, 2024 தேர்தலுக்கான போட்டியில் நின்று விலகிய விவேக் ராமசாமியும் இதே வழிதான்.

2. ரத்த வழி. வெளிநாட்டில் பிறந்தாலும் அம்மாவோ அப்பாவோ அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, சட்டம் சொல்லும் அளவு காலம் அமெரிக்காவில் வாழ்ந்திருந்தால், குழந்தைக்குப் பிறக்கும்போதே குடியுரிமை உண்டு. டெட் குரூஸின் தாய் அமெரிக்கர். அதனால்தான் கால்கரி அவருக்குத் தடையாகவில்லை.

3. விண்ணப்ப வழி. கிரீன் கார்டு வாங்கி, பொதுவாக ஐந்து ஆண்டுகள் இருந்து, தேர்வு எழுதி, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடிமகன் ஆவது; அல்லது சிறுவயதில் பெற்றோர் குடியுரிமை பெறும்போது கூடவே பெறுவது. மஸ்க், மம்தானி, அர்னால்ட் ஷ்வார்ஸ்நேக்கர் எல்லோரும் இந்த வரிசை. கதவு மூடியிருப்பது இவர்களுக்குத்தான்.

மூன்றாவது வரிசையில் நமக்குத் தெரிந்த பெயர்களும் உண்டு. பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். 16 வயதில் படிக்கப் போய், 2000இல் குடியுரிமை பெற்று, 2017 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். ராஜா கிருஷ்ணமூர்த்தி தமிழ்க் குடும்பத்தில் டெல்லியில் பிறந்தவர். அவருக்கு மூன்று மாதம் ஆகும்போதே குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குப் போய்விட்டது. நடக்கப் பழகியது, பேசப் பழகியது, பள்ளி, கல்லூரி எல்லாம் அமெரிக்கா. இவரும் 2017 முதல் இலினாய் மாநிலத்திலிருந்து அதே சபையில் இருக்கிறார். அந்த மூன்று மாதத்தின் காரணமாக அதிபராக முடியாது.

எதிர்ப்பக்கத்தில் ஒருவரை வைத்துப் பாருங்கள். பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் 1964இல் பிறந்தது நியூயார்க்கில். சிறுவயதிலேயே இங்கிலாந்து போய்விட்டார். பேச்சு, படிப்பு, அரசியல் எல்லாம் அங்கேதான். ஆனாலும் 2016இல் தானாகக் கைவிடும்வரை அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். அதுவரை, 14 ஆண்டு வசிப்பை முடித்திருந்தால் வெள்ளை மாளிகைக்குப் போட்டியிடச் சட்டத்தில் தடையில்லை. வாழ்க்கை முழுவதையும் அமெரிக்காவில் கழித்தவர் வெளியே, ஐந்தாறு வயதுக்கு மேல் அங்கே வாழாதவர் உள்ளே.

1787இல் யாரைப் பார்த்துப் பயந்தார்கள்?

இந்த விதியை எழுதியவர்கள் குடியேறிகளை வெறுத்தவர்கள் என்று சொல்வது எளிது, ஆனால் தவறு. அரசியலமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட 39 பேரில் 7 பேர் வெளியே பிறந்தவர்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன் கரீபியத் தீவான நேவிஸில் பிறந்தவர். ஜேம்ஸ் வில்சன் ஸ்காட்லாந்துக்காரர். சட்டம் ஏற்கப்படும் நேரத்தில் குடிமகனாக இருப்பவர் எங்கே பிறந்திருந்தாலும் அதிபராகலாம் என்று ஒரு விலக்கையும் எழுதிவைத்தார்கள். எழுதாவிட்டால் வேறு வழியும் இல்லை: நாடே 1776இல்தான் பிறந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட முதல் ஏழு அதிபர்களும் பிறக்கும்போது பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள்!

அவர்கள் பயந்தது கப்பலில் வந்து இறங்கும் ஏழை அயர்லாந்துக்காரரைப் பார்த்து அல்ல, ஐரோப்பிய இளவரசரைப் பார்த்து. அன்றைய போலந்தில் அரசரைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அக்கம்பக்கத்துப் பேரரசுகள் காசையும் படையையும் இறக்கித் தங்களுக்கு வேண்டியவரை உட்காரவைக்கும். அதன் முடிவு 1772இல் தெரிந்தது: ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தின் ஒரு பெரிய பகுதியைப் பங்குபோட்டுக்கொண்டன. தேர்தல் மூலம் ஒரு நாட்டுத் தலைவர் வரப்போகிறார் என்றால் அன்று படித்தவர் மனதில் முதலில் வரும் உதாரணம் இதுதான்.

கூடவே ஒரு வதந்தி. பிரஷ்ய மன்னர் மகா பிரெடெரிக்கின் தம்பி இளவரசர் ஹென்றியை அமெரிக்காவுக்கு அரசராகக் கூப்பிடப்போகிறார்கள் என்று பேச்சு. இங்கிலாந்து மன்னரின் இரண்டாவது மகன் வரப்போகிறார் என்று இன்னொரு பேச்சு. அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாடு கதவை மூடிக்கொண்டு நடந்ததால் வெளியே வதந்திக்குப் பஞ்சமே இல்லை. 1787 ஜூலை 25 அன்று, அப்போது அமெரிக்காவின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த ஜான் ஜே, மாநாட்டுத் தலைவராக இருந்த வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிபரிடம் இருக்கப்போகும் படைத் தலைமை பிறப்பால் குடிமகன் அல்லாத எவர் கைக்கும் போகக்கூடாது என்று வெளிப்படையாக அறிவிப்பது நல்லது என்பது அதன் சாரம். செப்டம்பர் தொடக்கத்தில் அந்தச் சொற்கள் வரைவுக்குள் வந்து உட்கார்ந்தன. அதைப் பற்றி மாநாட்டில் விவாதம் நடந்ததாகப் பதிவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொள்கையாகப் பேசி எடுத்த முடிவாக இது தெரியவில்லை. கண் முன்னே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு போட்ட பூட்டு. அந்த முகம் அப்போது ஒரு இளவரசருடையது. இதன் பிறகு வரும் கதை முழுவதும், பூட்டு போடுபவர்களும் சரி, உடைக்கப் பார்ப்பவர்களும் சரி, யாரோ ஒருவருடைய முகத்தைப் பார்த்தே செய்தார்கள்.

படைத் தளபதி ஆகலாம், அதிபர் ஆகக்கூடாது

ஜான் ஜேயின் கவலை குறிப்பாகப் படைத் தலைமையைப் பற்றியது. இன்று அந்தக் கவலை எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

1993 முதல் 1997 வரை அமெரிக்க முப்படைத் தலைமைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஜான் ஷாலிகாஷ்விலி. போலந்தின் வார்சாவில் பிறந்தவர். சீருடையில் இருப்பவர்களில் அதற்கு மேல் பதவி கிடையாது. வெளியுறவு அமைச்சர் பதவியில் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி கிஸ்ஸிஞ்சரும், பிராக் நகரில் பிறந்த மேடலின் ஆல்பிரைட்டும் இருந்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக வியன்னாவில் பிறந்த பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் இருந்திருக்கிறார். பிரதிநிதிகள் சபைக்கு 7 ஆண்டும் செனட்டுக்கு 9 ஆண்டும் குடிமகனாக இருந்தால் போதும். மாநில ஆளுநர் ஆகவும் இந்தத் தடை இல்லை. ஆஸ்திரியாவில் பிறந்த ஷ்வார்ஸ்நேக்கர் கலிபோர்னியாவை 2003 முதல் 2011 வரை ஆண்டார்.

மூடியிருப்பது அதிபர் பதவியும், 12வது திருத்தத்தால் அதனோடு கட்டப்பட்ட துணை அதிபர் பதவியும் மட்டுமே. அதிபர், துணை அதிபர் இருவருக்கும் ஏதாவது ஆனால் யார் பொறுப்பேற்பது என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு: பிரதிநிதிகள் சபை சபாநாயகர், செனட்டின் தற்காலிகத் தலைவர், அப்புறம் வெளியுறவு அமைச்சரில் தொடங்கி மற்ற அமைச்சர்கள். கிஸ்ஸிஞ்சரும் ஆல்பிரைட்டும் அந்த வரிசையில் இருந்தாலும், முறை வரும்போது அவர்களைத் தாண்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். நாளைக்கு பிரமிளா ஜெயபால் சபாநாயகர் ஆனாலும் இதே கதைதான்.

குடியுரிமை பெற்றவருக்கும் பிறப்பால் வந்தவருக்கும் உரிமையில் வேறுபாடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1964இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. அதிபர் பதவி ஒன்றுதான் அரசியலமைப்பு வைத்த ஒரே வித்தியாசம் என்றும் அதிலேயே சேர்த்தது. இதை உடைக்க கயானாவில் பிறந்த ஒரு வழக்கறிஞர் முயன்றார். எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்கிற பிற்காலத் திருத்தங்கள் பழைய தடையை மறைமுகமாக ரத்துசெய்துவிட்டன என்பது அவர் வாதம். 2012இல் கொலராடோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச். இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி. அரசியலமைப்பே நேரடியாகச் சொல்லும் தகுதியை நீதிமன்றம் தூக்கிவிட முடியாது. திருத்தம் ஒன்றுதான் வழி.

வரையறை இல்லாததால் யார் மீதும் எறியலாம்

இந்தத் தடையால் நேரடியாக விலக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம். எனக்கு அதைவிடப் பெரிய சேதமாகத் தெரிவது வேறு: தகுதி உள்ளவர்களையே சந்தேகக் கூண்டில் ஏற்ற இது கருவியாகிறது.

2008இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஜான் மெக்கெய்ன் கடற்படை அதிகாரியின் மகன். 1936இல் அமெரிக்கா நிர்வகித்த பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்தார். அங்கே அமெரிக்கருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமையைத் தெளிவாக்கிய சட்டம் வந்தது 1937இல். ‘அப்படியானால் பிறந்த நொடியில் அவர் குடிமகனா?’ என்று சட்டப் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வியட்நாமில் ஐந்தரை ஆண்டு போர்க் கைதியாகக் கிடந்தவருடைய விசுவாசத்துக்கு, 2008இல் செனட் ஒரு தீர்மானம் போட்டுச் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. அதற்கும் சட்ட வலு கிடையாது.

ஒபாமா கதை எல்லோருக்கும் தெரியும். ஹவாயில் பிறந்தவரை ‘கென்யாவில் பிறந்தவர்’ என்று வருடக்கணக்கில் பேசி, 2011 ஏப்ரலில் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிடும்வரை விடவில்லை. வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை. கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானதும், ‘அவர் பிறந்தபோது பெற்றோர் குடிமக்கள் இல்லையே’ என்று 2020 ஆகஸ்டில் ஒரு சட்டப் பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார். அதே நாட்களில் மன்னார்குடி பக்கத்தில், அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேராசிரியரின் வாதம் ஒதுக்கித் தள்ளப்பட்டாலும் அதன் வேர் செத்துவிடவில்லை. தற்காலிக விசாவில் இருக்கும் தாய்க்கும், குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ அல்லாத தந்தைக்கும் இனிப் பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது என்று 2025 ஜனவரியில் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். கீழமை நீதிமன்றங்கள் தடுத்தன. அந்த ஆணை ஏற்கெனவே பிறந்தவர்களைத் தொடாது. ஆனால் மண் வழி சுருங்கினால் பிறப்பால் குடிமகன் என்கிற வட்டமும் சேர்ந்தே சுருங்கும். எச்1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தச் செய்தியைத் தூக்கம் கெட்டுப் படித்ததற்கு வெள்ளை மாளிகை காரணமல்ல, பிள்ளையின் பாஸ்போர்ட்தான் காரணம். அதிபர் தகுதி அதன் பின்னால் வரும் சிறு வால்.

மற்ற நாடுகளின் அனுபவம்

பிறப்பைச் சோதிக்கும் விதி ஒரு நாட்டைக் காப்பாற்றுமா? மூன்று நாடுகளைப் பார்க்கலாம்.

1. ஜாம்பியா. 1964இல் விடுதலை பெற்றதிலிருந்து 1991 வரை 27 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர் கென்னத் கவுண்டா. 1996இல் மீண்டும் போட்டியிட நினைத்தார். அடுத்து வந்த ஆட்சி, வேட்பாளரின் பெற்றோர் இருவரும் பிறப்பால் ஜாம்பியர்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. கவுண்டாவின் பெற்றோர் இன்றைய மலாவியிலிருந்து வந்தவர்கள். நாட்டின் தந்தை வெளியாள் ஆனார்.

2. ஐவரி கோஸ்ட். அலசான் வட்டாரா அங்கே பிரதமராக இருந்தவர். பெற்றோர் இருவரும் அந்நாட்டவராக இருக்க வேண்டும் என்கிற விதியைக் காட்டி 2000ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து அவரை விலக்கினார்கள். விலக்கப்பட்டவர் ஒருவர்; ஆனால் அவரைப் போன்ற பெயரும் மதமும் கொண்ட வடபகுதி மக்கள் எல்லோரும் ‘நாங்களும் வெளியாட்களா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2002இல் கிளர்ச்சி வெடித்து நாடு வடக்கு, தெற்கு என்று பிளந்தது. வட்டாரா 2010 தேர்தலில் ஜெயித்தும், எதிரணி விட்டுக்கொடுக்காமல் ஆயிரக்கணக்கில் உயிர்கள் போன பிறகுதான் பதவியில் உட்கார்ந்தார். இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு: 2025 தேர்தலில் அவருக்கு எதிராக நிற்க வந்த டிஜான் தியாம், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த காரணத்தால் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வட்டாரா நான்காவது முறையாக ஜெயித்தார்.

3. பெரு. அங்கேயும் அதிபர் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும். ஜப்பானியக் குடியேறிகளின் மகனான ஆல்பெர்ட்டோ புஜிமோரி அந்தத் தகுதியோடுதான் 1990இல் அதிபரானார். 2000இல் ஊழல் புகாரில் சிக்கியதும் ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து தொலைநகலில் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். அவர் பிறப்பிலிருந்தே எங்கள் குடிமகனும்தான் என்று சொல்லி ஜப்பான் அவரைத் திருப்பி அனுப்ப மறுத்தது. பத்தாண்டு காலம் ஆண்டவருக்கு இன்னொரு நாட்டின் கதவு திறந்தே இருந்திருக்கிறது. பிறப்பு விதி அதைப் பார்க்கவே இல்லை.

தடை வேண்டும் என்பவர்களிடமும் ஒரு கனமான உதாரணம் உண்டு: ஹிட்லர். ஆஸ்திரியாவில் பிறந்து, குடியுரிமை இல்லாமல் இருந்தவருக்கு, பிரவுன்ஷ்வைக் மாநிலத்தில் ஒரு அரசு வேலையைக் கொடுப்பதுபோல் கொடுத்து 1932 பிப்ரவரியில் ஜெர்மன் குடியுரிமை வாங்கித் தந்தார்கள். அடுத்த மாதமே அதிபர் தேர்தலில் ஹிண்டன்பர்க்கை எதிர்த்து நின்றார். ஆனால் இந்த உதாரணத்தைக் கூர்ந்து பாருங்கள். ‘குடியுரிமை பெற்று 20 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்’ என்று ஒரு விதி இருந்திருந்தால் போதும், ஹிட்லர் அந்த வாக்குச்சீட்டில் இருந்திருக்க மாட்டார். பிறப்பைச் சோதிக்கத் தேவையே இல்லை.

இந்தியாவில் குடியரசுத் தலைவராக இந்தியக் குடிமகனாக இருப்பதும், 35 வயதும், மக்களவை உறுப்பினருக்கான தகுதியும் வேண்டும். எப்படிக் குடிமகன் ஆனார் என்று 58வது பிரிவு கேட்பதில்லை. பிரதமருக்கும் அப்படியே. 1983இல் குடியுரிமை பெற்ற சோனியா காந்தியைப் பிரதமர் ஆக்கக்கூடாது என்று சொல்லித்தான் 1999இல் சரத் பவார், பி.ஏ. சங்மா, தாரிக் அன்வர் மூவரும் காங்கிரஸிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தேசியவாத காங்கிரஸைத் தொடங்கினார்கள். சில மாதங்களிலேயே மகாராஷ்டிராவில் அந்தக் கட்சியே காங்கிரஸோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. 2004 மே மாதத்தில் சோனியா தானாகவே பதவியை மறுத்தார். சட்டம் வாயைத் திறக்காமலேயே அரசியல் அந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்டது.

இலங்கை கேட்பது வேறு கேள்வி: இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறதா? 2015இல் 19ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைத் தடுத்தது. அதனால் 2019இல் ஜனாதிபதி ஆவதற்காகக் கோட்டாபய ராஜபக்ச தன் அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிட வேண்டியிருந்தது. அவர் வந்ததும் 2020இல் 20ஆவது திருத்தம் தடையை நீக்கியது. அமெரிக்கக் குடிமகனுமான தம்பி பசில் 2021இல் நாடாளுமன்றத்துக்கும் நிதியமைச்சுக்கும் வந்தார். 2022இல் அண்ணன் தம்பிகளின் ஆட்சி கவிழ்ந்த பின் 21ஆவது திருத்தம் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏழு ஆண்டுகளில் மூன்று திருத்தம். ஒரு வீட்டை உள்ளே விடவும் வெளியே தள்ளவும்.

தடையை வைத்திருக்க நல்ல காரணம் இருக்கிறதா?

ஒன்று இருக்கிறது, அதை லேசாகத் தள்ளக்கூடாது. வேல்ஸில் பிறந்த ஜூலியா கில்லார்டும் லண்டனில் பிறந்த டோனி அபாட்டும் ஆஸ்திரேலியாவை ஆண்டார்களே, ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் கேட்பார்கள். ஆனால் அங்கே பிரதமரைச் சொந்தக் கட்சியே ஒரே ராத்திரியில் மாற்றிவிடலாம். இருவரையும் அப்படித்தான் மாற்றினார்கள். அமெரிக்க அதிபரை அப்படி அசைக்க முடியாது. பதவிநீக்க விசாரணையில் குற்றவாளியாகி வெளியேற்றப்பட்ட அதிபர் இதுவரை ஒருவர்கூட இல்லை. அணு ஆயுத உத்தரவும் ஒருவர் கையில். உள்ளே வந்த பிறகு திருத்த முடியாத பதவிக்கு வாசலிலேயே கூடுதல் சோதனை வேண்டும் என்பது நியாயம்தான்.

சோதனை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எதைச் சோதிப்பது என்பதில்தான் இந்த விதி தவறுகிறது. இன்னொரு அரசு ஒரு தலைவரை வளைக்க நினைத்தால் அது பார்ப்பது கடன், வியாபாரம், சொத்து, ரகசியம் ஆகியவற்றை. இவற்றில் எதுவும் பிறப்புச் சான்றிதழில் எழுதியிருப்பதில்லை. அமெரிக்கத் தம்பதி கொரியாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்த ஒருவரின் விசுவாசத்தை அது சந்தேகிக்கிறது. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் கடன் வைத்திருக்கும் உள்ளூர்க்காரரைக் கேள்வியே இல்லாமல் அனுப்புகிறது.

ஏன் திருத்த முடியவில்லை?

திருத்தம் கொண்டுவர நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அப்புறம் 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். இதுவரை நிறைவேறியவை 27தான், கடைசியாக நிறைவேறியது 1992இல். கணக்கே கஷ்டம். அதைவிடக் கஷ்டம் அந்த முகம்.

2003இல் செனட்டர் ஓரின் ஹாட்ச், 20 ஆண்டுகள் குடிமகனாக இருந்தவர் அதிபராகலாம் என்று ஒரு திருத்தத்தை முன்வைத்தார். வாதம் நன்றாகத்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியும் பேசினார். ஆனால் ஷ்வார்ஸ்நேக்கர் குடியுரிமை பெற்றது 1983இல். 1983உடன் 20ஐக் கூட்டிப் பார்க்க யாருக்கும் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் ஜெயித்துவிட, அது ‘அர்னால்டுக்கான திருத்தம்’ ஆகிவிட்டது. 2004இல் செனட் குழு ஒரு விசாரணை நடத்தியது, அதோடு சரி. வாக்கெடுப்பு வரை போகவில்லை.

இன்று யாராவது முன்மொழிந்தால் ஜனநாயகக் கட்சிக்காரருக்கு மஸ்க் தெரிவார், குடியரசுக் கட்சிக்காரருக்கு மம்தானி தெரிவார். குடியுரிமை விண்ணப்பித்துப் பெற்ற 2 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் யாருக்கும் தெரிய மாட்டார்கள்.

இந்த முகச் சிக்கலைத் தாண்ட அமெரிக்கச் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்வாகக்கூடாது என்ற 22வது திருத்தம் 1951இல் நிறைவேறியபோது, அப்போது பதவியில் இருந்த ட்ரூமனுக்கு அது பொருந்தாது என்று உள்ளேயே எழுதினார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே கூட்டிக்கொள்ளும் சம்பளம் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே கைக்கு வரும் என்கிறது 27வது திருத்தம். வாக்களிப்பவரின் கண் முன்னே இருக்கும் ஆளுக்கு லாபமோ நஷ்டமோ வராதபடி தள்ளிவைப்பது இரண்டிலும் உள்ள உத்தி.

அதே உத்தியை இங்கே வைத்தால் திருத்தம் இப்படி இருக்கலாம்:

1. குடியுரிமை பெற்று 20 ஆண்டு முடிந்திருக்க வேண்டும்; 14 ஆண்டு வசிப்பு பழையபடி தொடரும்.
2. பிறப்பால் குடிமகனோ, பின்னால் பெற்றவரோ, வேட்பாளருக்கு வேறு நாட்டுக் குடியுரிமை இருக்கக்கூடாது.
3. வெளிநாட்டுக் கடனும் சொத்தும் எல்லா வேட்பாளருக்கும் ஒரே மாதிரி வெளியிடப்பட வேண்டும்.
4. திருத்தம் நிறைவேறி 20 ஆண்டு கழித்தே நடைமுறைக்கு வரும்.

நான்காவதுதான் முக்கியம். 2030இல் நிறைவேறினால் 2050இல் அமலுக்கு வரும். அப்போது மஸ்க்குக்கு 79 வயது, டெல்லியில் பிறந்த கிருஷ்ணமூர்த்திக்கு 77. மம்தானிக்கு மட்டும் 59; அண்மைக்கால அதிபர்களின் வயதைப் பார்த்தால் அது இளமைதான். எதிர்க்கிறவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவார்கள்.